சாக்கெட்டுக்குப் பெயர் வைப்பது: சிஸ்டம்டியும் மூன்றாம் எண் டிஸ்க்ரிப்டரும்

லினக்ஸில் எந்தச் செயல்முறை தொடங்கினாலும் அதன் கையில் வழக்கமாக மூன்று ஃபைல் டிஸ்க்ரிப்டர்கள், அதாவது திறந்திருக்கும் கோப்புகளையும் இணைப்புகளையும் குறிக்கும் எண்கள், இருக்கும்: உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1, பிழைச் செய்திகளுக்கு 2. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒரு பின்னணிச் சேவைக்காகச் சாக்கெட்டுகளை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் வாசல்களை, தானே திறந்து கையளிக்கும்போது அவை 3 என்ற எண்ணிலிருந்து அடுத்தடுத்து வந்து சேரும். ஒரே ஒரு சாக்கெட் என்றால் குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டு, மூன்று என்று பெருகும்போது எது எந்த வேலைக்கு உரியது என்பதைச் சேவை எப்படி அறிந்துகொள்வது என்ற கேள்வி எழுகிறது. சிங்கப்பூரின் பாய லேபாரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் அண்மையில் சேர்ந்த திருச்சி இளைஞர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கான்ஃபிக்ல எழுதின வரிசையிலதானே வருது, அப்படியே எண்ணிக்கிட்டுப் போனா என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு அன்று சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பேச்சுக்கு வசதியாக, நாங்கள் பராமரிக்கும் சேவையையே எடுத்துக்கொள்வோம். துவாஸ் பக்கத்துக் கிடங்குகளில் ஊழியர்கள் பொட்டலங்களை வருடும் கைக்கருவிகள் அனுப்பும் செய்திகளை வாங்கி, சரிபார்த்து, தரவுத்தளத்தில் எழுதும் எளிய வேலை அதற்கு. அதற்கு மூன்று வாசல்கள் உண்டு. கைக்கருவிகள் வந்து இணையும் போர்ட் 8443. கண்காணிப்பு மென்பொருள் வந்து எண்ணிக்கைகளைப் படித்துச் செல்லும் போர்ட் 9100. நிர்வாகக் கட்டளைகளுக்கான, அதே கணினிக்குள் மட்டும் பேசும் யூனிக்ஸ் சாக்கெட் ஒன்று. முதல் வாசலில் வருவோரிடம் சான்றிதழ் கேட்கப்படும். இரண்டாவதில் எதுவும் கேட்கப்படாது, ஏனென்றால் அது உள்வலையமைப்புக்கு மட்டுமே உரியது. மூன்றாவதில் வருபவர் சேவையை நிறுத்தலாம், வரிசையில் காத்திருக்கும் செய்திகளை அழிக்கலாம். இம்மூன்றும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சேவையே தன் சாக்கெட்டைத் திறந்துகொள்ளாமல் வேறொருவர் ஏன் திறந்து தர வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பெயருக்குப் போக வேண்டும். இந்த எண்ணம் புதிதல்ல. 1986இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பிலேயே ஐநெட்டி என்ற நிரல் பல போர்ட்களில் தானே காத்திருந்து, இணைப்பு வந்ததும் உரிய நிரலை எழுப்பி அதனிடம் ஒப்படைத்தது. ஆனால் அது ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு புதுச் செயல்முறையைத் தொடங்கும் முறையாகவே பெரும்பாலும் பயன்பட்டதால், மந்தமானது என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2005இல் ஆப்பிள் தனது மேக் ஓஎஸ் டென் 10.4உடன் கொண்டுவந்த லாஞ்ச்டி, இணைப்பை அன்றி, காத்திருக்கும் சாக்கெட்டையே சேவையிடம் கொடுத்தது. 2010 ஏப்ரலில் லென்னார்ட் பொட்டரிங் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தி எழுதிய நீண்ட கட்டுரையில் லாஞ்ச்டியிடமிருந்து இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அவருடைய முதன்மை நோக்கம் கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பது. எல்லாச் சாக்கெட்டுகளையும் முதலிலேயே திறந்துவிட்டால், எல்லாச் சேவைகளையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடலாம்; ஒரு சேவை இன்னொன்றை நாடினால், அந்த இன்னொன்று இன்னும் எழுந்திருக்காவிட்டாலும் இணைப்பை இயங்குதளத்தின் மையமான கெர்னல் வாங்கி வரிசையில் வைத்திருக்கும். எது எதற்கு முன்னால் தொடங்க வேண்டும் என்று கையால் எழுதிவைக்கும் தலைவலியின் பெரும்பகுதி அதோடு ஒழிகிறது.

நமது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் உள்ள அஞ்சல் பெட்டிகள் இதற்கு ஒத்த ஏற்பாடு. வீட்டில் ஆள் குடியேறுவதற்கு முன்பே பெட்டி அங்கே இருக்கிறது. கடிதம் வந்தால் உள்ளே விழுகிறது. குடியேறியவர் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறார். பெட்டியின் மேல் வீட்டு எண் எழுதியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இடமிருந்து மூன்றாவது பெட்டி என்று எந்த அஞ்சல்காரரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

கெர்னல் எவ்வளவு இணைப்புகளை அப்படி வைத்திருக்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நீண்ட காலம் அது இயல்பாக 128 ஆக இருந்தது. 2019இல் வந்த லினக்ஸ் 5.4இலிருந்து 4096. கிடங்கில் வேலை மாறும் நேரத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் இணைய முயலும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண் முக்கியம். மற்றவர்கள் இதைக் கடந்து போகலாம்.

இனி, கைமாற்றம் நடக்கும் விதம். சிஸ்டம்டி இரண்டு சூழல் மாறிகளின் வழியே, அதாவது செயல்முறை தொடங்கும்போது அதனுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் பெயரிட்ட மதிப்புகளின் வழியே, செய்தி சொல்கிறது. லிசன்_எஃப்டிஎஸ் என்ற மாறியில் எத்தனை டிஸ்க்ரிப்டர்கள் கொடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையும், லிசன்_பிஐடி என்ற மாறியில் அவை எந்தச் செயல்முறைக்கு உரியவை என்ற அடையாள எண்ணும் இருக்கும். இரண்டாவது எதற்கு என்று பலர் வியப்பதுண்டு. சூழல் மாறிகள் பிள்ளைச் செயல்முறைகளுக்கும் மரபாகப் போய்ச்சேரும். நமது சேவை ஏதோ ஒரு துணை நிரலை ஓட்டினால், அந்தத் துணை நிரலும் இந்த மாறிகளைப் பார்த்து, 3ஆம் எண் தனக்குத்தான் வந்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, பெறுபவர் தன் சொந்த அடையாள எண்ணை லிசன்_பிஐடியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று இருக்கிறது. சிஸ்டம்டிக்கான அமைப்புக் கோப்பாகிய யூனிட் கோப்பில் சேவையை நேரடியாக ஓட்டாமல் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டி, அந்த ஸ்கிரிப்ட் தன் கடைசி வரியில், ஷெல்லின் இடத்தையே சேவைக்குக் கொடுத்துவிடும் எக்ஸெக் என்ற சொல்லை எழுதாமல் சேவையைப் பிள்ளையாகத் தொடங்கினால், லிசன்_பிஐடியில் இருப்பது ஷெல்லின் எண். சேவையின் எண் வேறு. சேவை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாது, தனக்கு ஒரு சாக்கெட்டும் வரவில்லை என்று முடிவு செய்யும். டிஸ்க்ரிப்டர்கள் அங்கேயே திறந்து கிடக்கும். எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். ஆனாலும் சேவை அவற்றைத் தொடாது. பதிவுகளில் எந்தப் பிழையும் தெரியாததால் அரை நாளை விழுங்கிவிடக்கூடிய சிக்கல் இது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

சரி, எண்ணிக்கை தெரிந்துவிட்டது. தொடக்க எண்ணும் தெரியும். திருச்சித் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஒரே சாக்கெட் யூனிட்டில், அதாவது சாக்கெட்டுகளை விவரிக்கும் யூனிட் கோப்பில், மூன்று முகவரிகளை எழுதினால், அவை எழுதப்பட்ட வரிசையிலேயே கையளிக்கப்படும் என்பது உண்மைதான். அதை நம்பி, 3 என்றால் கைக்கருவி, 4 என்றால் கண்காணிப்பு, 5 என்றால் நிர்வாகம் என்று நிரலில் எழுதிவிட்டால் வேலை நடக்கும். நடக்கும் வரை நடக்கும். அந்தக் கோப்பைப் பராமரிப்பவர் நிரலை எழுதியவர் அல்லர்; அவர் கண்ணுக்கு அது முகவரிகளின் பட்டியல். பட்டியலை அகரவரிசைப்படுத்துவதும், இடையில் ஒரு வரியைச் சேர்ப்பதும், தேவையில்லாத ஒன்றை நீக்குவதும் அவருக்குக் குற்றமற்ற செயல்கள். 8443இல் மட்டுமின்றி 443இலும் காத்திருக்க வேண்டும் என்று இரண்டாம் வரியாக ஒன்றைச் சேர்த்த அந்த நொடியில், சான்றிதழ் கேட்காத கண்காணிப்புப் பகுதி பொதுப் போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். எந்த நிரலும் முறியாது, எந்தச் சேவையும் விழாது. அதுதான் இதில் அஞ்ச வேண்டியது.

சாக்கெட்டையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வர். சிஸ்டம்டி நூலகத்தில் அதற்கான செயற்கூறுகள் உண்டு. இது யூனிக்ஸ் சாக்கெட்டா, இணையச் சாக்கெட்டா, எந்தப் போர்ட், எந்தப் பாதை என்றெல்லாம் சரிபார்க்கலாம். சரிபார்ப்பது நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் இரண்டு டிசிபி சாக்கெட்டுகளுக்கு இடையில் வேறுபாடு போர்ட் எண் மட்டுமே என்றால், அந்த எண்ணை நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டியிருக்கும். முகவரியை நிரலிலிருந்து வெளியே எடுத்ததே அதை நிர்வாகி விரும்பியபடி மாற்றிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். பின்வாசல் வழியாக அதையே மறுபடி உள்ளே கொண்டுவருவது என்ன நியாயம்?

2015 அக்டோபரில் வந்த சிஸ்டம்டி 227ஆம் பதிப்பு இதற்கு விடை தந்தது. சாக்கெட் யூனிட்டில் ஃபைல்டிஸ்க்ரிப்டர்நேம் என்ற அமைப்பில் ஒரு பெயரை எழுதலாம். சேவை தொடங்கும்போது லிசன்_எஃப்டிநேம்ஸ் என்ற மூன்றாவது சூழல் மாறியில், கொடுக்கப்பட்ட ஒவ்வொரு டிஸ்க்ரிப்டரின் பெயரும் முக்காற்புள்ளியால் (:) பிரிக்கப்பட்டு, எண் வரிசைக்கு ஒத்தபடி இருக்கும். முதல் பெயர் 3க்கு, இரண்டாவது 4க்கு, இப்படியே. பெயரில் 255 எழுத்துகளுக்கு மேல் கூடாது. ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே. கட்டுப்பாட்டுக் குறிகள் கூடாது. பிரிப்பானாகப் பயன்படுவதால் முக்காற்புள்ளியும் கூடாது. ஆஸ்கி மட்டும் என்பதால் தமிழில் பெயர் வைக்க வழியில்லை என்ற சிறு வருத்தம் எனக்கு உண்டு. நாங்கள் பப்ளிக், மெட்ரிக்ஸ், அட்மின் என்று வைத்துக்கொண்டோம்.

பெயர் எதுவும் எழுதாவிட்டால், சாக்கெட் யூனிட்டின் முழுப் பெயரே, .socket என்ற வால்பகுதியுடன் சேர்த்து, டிஸ்க்ரிப்டரின் பெயராகிவிடும். ஐநெட்டி பாணியில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செயல்முறை என்று அமைத்திருந்தால் பெயர் கனெக்‌ஷன் என்றிருக்கும். பெயர் மாறியே வராத பழைய சூழலில் ஓடினால் நூலகம் அன்நோன் என்று ஒரு பெயரைத் தரும். இந்த மூன்றையும் நினைவில் வைத்திருப்பது பிழை தேடும்போது உதவும். பதிவில் அன்நோன் என்று கண்டால், டிஸ்க்ரிப்டர்களைக் கொடுத்தது பெயர் வசதி இல்லாத பழைய சிஸ்டம்டி அல்லது வேறு யாரோ என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விவரத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதை ஒரு குறையாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது பெரிய நிறையாகத் தெரிகிறது. ஒரு சாக்கெட் யூனிட்டுக்கு ஒரு பெயர்தான். அந்த யூனிட்டுக்குள் ஐந்து முகவரிகள் இருந்தால் ஐந்துக்கும் அதே பெயர். ஆகவே, மூன்று பெயர்கள் வேண்டுமென்றால் மூன்று சாக்கெட் யூனிட்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் இது எந்தச் சேவைக்கு உரியது என்று சர்வீஸ் என்ற அமைப்பில் குறிப்பிட வேண்டும். சேவையின் யூனிட்டில் சாக்கெட்ஸ் என்ற அமைப்பில் மூன்றையும் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் முக்கியமானது. அது இருந்தால்தான் சேவையை யாராவது நேரடியாகத் தொடங்கும்போதும் மூன்று சாக்கெட்டுகளும் முன்கூட்டியே திறக்கப்பட்டிருக்கும். மேலும், பல யூனிட்களிலிருந்து வரும் டிஸ்க்ரிப்டர்கள் தமக்குள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு எந்த உறுதிமொழியும் இல்லை. ஆக, யூனிட்களைப் பிரித்த பிறகு பெயரைப் பார்த்தே தீர வேண்டும். எண்ணிக்கொண்டு போகும் பழக்கத்துக்கு இடமே இல்லாமல் போகிறது.

நிறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், யூனிட் என்பது இப்போது ஒரு பொறுப்பின் பெயராகிவிடுகிறது. பப்ளிக் என்ற பொறுப்புக்கு எத்தனை முகவரிகள் என்பது நிர்வாகியின் முடிவு. பழைய கைக்கருவிகள் பழைய போர்ட்டிலும் புதியவை புதிய போர்ட்டிலும் சில காலம் ஒருசேர இயங்க வேண்டியிருந்தபோது, பப்ளிக் யூனிட்டில் முகவரியைக் குறிக்கும் லிசன்ஸ்ட்ரீம் வரி ஒன்றைச் சேர்த்ததோடு எங்கள் வேலை முடிந்தது. நிரல் பப்ளிக் என்ற பெயரில் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறது. பட்டியலில் ஒன்று இருந்தாலும் மூன்று இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சான்றிதழ் கேட்டுக் காத்திருக்கிறது. போர்ட் எண்ணை மட்டும் எழுதினால் சிஸ்டம்டி ஐபிவி6 சாக்கெட் ஒன்றைத் திறந்து, கெர்னலின் இயல்பான அமைப்பில் ஐபிவி4 இணைப்புகளையும் அதிலேயே வாங்கும். இரண்டையும் தனித்தனியே திறக்க விரும்பினால் இரண்டு வரிகள் எழுதி, பைண்ட்ஐபிவி6ஒன்லி என்ற அமைப்பையும் சேர்க்க வேண்டும். அப்போதும் பெயர் ஒன்றுதான், நிரலில் ஒரு வரியும் மாறாது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இந்த மாற்றத்தைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பை மாற்றிவிட்டு, சிஸ்டம்டியை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு, சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் எதுவும் மாறாது. சாக்கெட்டைத் திறந்து வைத்திருப்பது சேவை அன்று, சிஸ்டம்டி. சாக்கெட் யூனிட்டைத்தான் மறுதொடக்கம் செய்ய வேண்டும். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது சாக்கெட் யூனிட்டை மட்டும் தொடங்க முயன்றால், சேவை ஏற்கெனவே இயங்குகிறது என்று சொல்லி அது மறுத்துவிடும். முதலில் சேவையை நிறுத்தி, பிறகு சாக்கெட்டை மறுதொடக்கம் செய்து, பிறகு சேவையைத் தொடங்குவதே ஒழுங்கு.

முகவரி எங்கே வாழ்கிறது என்ற இந்தக் கேள்வியில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பும் இடறியது உண்டு. 22.10 பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையைச் சாக்கெட் வழியாகத் தொடங்கும்படி மாற்றியபோது, தம் வழக்கப்படி எஸ்எஸ்எச்டி என்ற அச்சேவை நிரலின் அமைப்புக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றியவர்கள், அது செல்லுபடியாகவில்லை என்று கண்டு திகைத்தனர். முகவரி இப்போது சாக்கெட் யூனிட்டில் இருந்தது. பிற்பாடு, எஸ்எஸ்எச்டியின் கோப்பைப் படித்துச் சாக்கெட் யூனிட்டின் அமைப்பை உருவாக்கித் தரும் ஒரு ஜெனரேட்டரைச் சேர்த்தனர். அதிலும் மாற்றத்துக்குப் பின் சாக்கெட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பது மாறவில்லை.

நிரல் பக்கத்துக்கு வருவோம். சி மொழியில் பெயர்களோடு டிஸ்க்ரிப்டர்களைத் தரும் செயற்கூறு சிஸ்டம்டி நூலகத்தில் இருக்கிறது. கோ மொழியில் கோர்ஓஎஸ் குழுவினர் வெளியிட்ட கோ-சிஸ்டம்டி தொகுப்பின் ஆக்டிவேஷன் பகுதி, பெயரைச் சாவியாகவும் அந்தப் பெயரில் வந்த லிசனர்களின் பட்டியலை மதிப்பாகவும் கொண்ட ஒரு மேப்பைத் தருகிறது. நாங்கள் பயன்படுத்துவது இதைத்தான். நூலகமே வேண்டாம் என்றாலும் கையால் எழுதுவது கடினமன்று: அடையாள எண்ணை ஒப்பிடு, எண்ணிக்கையைப் படி, பெயர்களைப் பிரி, இரண்டின் எண்ணிக்கையும் ஒத்திருக்கிறதா என்று பார். கையால் எழுதுபவர்கள் மறந்துவிடும் இரண்டு செயல்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். வந்த ஒவ்வொரு டிஸ்க்ரிப்டரிலும் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் குறியை வைக்க வேண்டும்; இல்லையேல் நமது சேவை ஓட்டும் துணை நிரல்களிடமும் காத்திருக்கும் சாக்கெட் போய்ச்சேர்ந்து, நாம் மூடிய பிறகும் அது திறந்தே கிடக்கும். படித்து முடித்ததும் மூன்று சூழல் மாறிகளையும் நீக்கிவிட வேண்டும்.

பெயரைப் படித்த பிறகு என்ன செய்வது என்பதில் நான் கண்டிப்பானவன். தெரியாத பெயர் ஒன்று வந்தால் சேவை தொடங்கக் கூடாது. வர வேண்டிய பெயர் வராவிட்டாலும் தொடங்கக் கூடாது. பெயர் இல்லையென்றால் பழையபடி வரிசையைப் பார்த்துக்கொள்வோம் என்ற சமரசம் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது, ஏனென்றால் நாம் தப்பிக்க நினைத்த ஆபத்து அந்த ஒரு வரியில் முழுமையாகத் திரும்பி வந்துவிடும். எங்கள் குழுவில் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. தெரியாத பெயரை எச்சரிக்கையோடு ஒதுக்கிவிட்டு மேலே போகலாம் என்று ஒருவர் வாதிட்டார். ஒதுக்கப்பட்ட சாக்கெட்டில் வந்து இணைபவர்கள் பதிலே இல்லாமல் கெர்னல் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதைச் சுட்டிக்காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார். இணைப்பு மறுக்கப்பட்டால் கருவிக்குத் தெரியும். ஏற்கப்பட்டு மௌனம் காத்தால் தெரியாது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை உண்டு. சேவை தொடங்க மறுத்து வெளியேறினால், இணைப்பு இன்னும் வரிசையில் இருப்பதைக் காணும் சிஸ்டம்டி அதை மறுபடி தொடங்கும், சேவை மறுபடி மறுக்கும். இயல்பான வரம்பான பத்து விநாடியில் ஐந்து தொடக்கங்கள் தீர்ந்ததும் சேவை மட்டுமின்றிச் சாக்கெட் யூனிட்டும் தோல்வி நிலைக்குப் போய்ப் போர்ட் மூடப்பட்டுவிடும். சேவையின் யூனிட்டில் சாக்கெட்ஸ் பட்டியலை எழுதாமல், அமைப்பைத் திருத்திய பிறகு சேவையை மட்டும் தொடங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே, முதல் இணைப்பு வரும் வரை சேவையை உறங்கவிடும் வசதியை நாங்கள் பயன்படுத்துவதில்லை. கணினி தொடங்கும்போதே சேவையும் தொடங்குகிறது. அமைப்பில் பிழை இருந்தால் முதல் கைக்கருவி வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

பாதுகாப்புப் பக்கத்தில் கிடைக்கும் ஆதாயத்தை இதுவரை சொல்லவில்லை. 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்கத் தனி உரிமை தேவை. சிஸ்டம்டி திறந்து தருவதால் சேவைக்கு அந்த உரிமை தேவையில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, சேவையின் யூனிட்டில் பிரைவேட்நெட்வொர்க் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் அது தனக்கென ஒரு வெற்று வலையமைப்பில் அடைக்கப்படும். வெளியே ஒரு பைட்டும் தானாக அனுப்ப முடியாது. ஆனாலும் கையளிக்கப்பட்ட சாக்கெட் வெளி வலையமைப்பில் பிறந்தது ஆகையால், அதில் வரும் இணைப்புகள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். தரவுத்தளத்தோடு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேசும் சேவைக்கு இது பொருத்தமான கூண்டு. யூனிக்ஸ் சாக்கெட்டின் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றையும் சாக்கெட் யூனிட்டிலேயே எழுதிவிடலாம் என்பதால், அட்மின் வாசலுக்கு யார் வரலாம் என்பதற்கு நிரலில் ஒரு வரிகூட இல்லை. கணினியில் எந்த வாசல் யாருக்கு என்று தணிக்கையாளர் கேட்டால், சிஸ்டம்கண்ட்ரோல் கருவியின் லிஸ்ட்-சாக்கெட்ஸ் கட்டளை முகவரி, யூனிட், சேவை மூன்றையும் ஒரே பட்டியலில் காட்டுகிறது. பொறுப்பின் பெயரை யூனிட் பெயரிலும் வைத்திருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பெயர்கள் சாக்கெட் யூனிட்களோடு நிற்கவில்லை. சேவை மறுதொடக்கம் ஆகும்போது காத்திருக்கும் சாக்கெட் திறந்தே இருப்பதால் புதிதாக வருவோர் மறுக்கப்படுவதில்லை. ஏற்கெனவே இணைந்திருப்போர் மட்டும் துண்டிக்கப்படுவார்கள். அவர்களையும் காப்பாற்ற விரும்பினால், சேவை தன் கையிலுள்ள டிஸ்க்ரிப்டர்களைச் சிஸ்டம்டியிடம் அடைக்கலமாகக் கொடுத்துவிட்டு மடிந்து, மறுபடி பிறந்ததும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு யூனிட்டில் ஃபைல்டிஸ்க்ரிப்டர்ஸ்டோர்மேக்ஸ் என்ற வரம்பைச் சுழியத்திலிருந்து உயர்த்த வேண்டும்; கொடுக்கும்போது எஃப்டிநேம் என்று ஒரு பெயரையும் சேர்த்து அனுப்பலாம்; அனுப்பாவிட்டால் ஸ்டோர்ட் என்ற பொதுப் பெயரில் திரும்பி வரும். சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல்டி, தான் மறுதொடக்கம் ஆகும்போது மற்றச் சேவைகளின் வெளியீட்டு ஓடைகள் அறுந்துவிடாமல் இருக்க இவ்வழியைத்தான் நாடுகிறது. இப்படித் திரும்பி வருபவையும் அதே 3, 4, 5 வரிசையில், சாக்கெட்டுகளுக்குப் பின்னால், அதே எண்ணிக்கையில் சேர்ந்து, அதே பெயர் மாறியில்தான் வரும். நேற்று மூன்று டிஸ்க்ரிப்டர்களோடு தொடங்கிய சேவை இன்று முப்பதோடு தொடங்கலாம். 2023இல் வந்த 253ஆம் பதிப்பு ஓப்பன்ஃபைல் என்ற அமைப்பையும் சேர்த்தது. ஒரு கோப்பைச் சிஸ்டம்டியே திறந்து, பெயரிட்டு, இதே வழியில் தரும். சேவைக்குப் படிக்கும் உரிமையே இல்லாத சாவிக் கோப்பைக்கூட இப்படிக் கொடுத்துவிடலாம்.

எல்லாச் சேவைக்கும் இது வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரே வாசல், உள்வலையமைப்பில் மட்டும் வாழ்வது, கூபர்னெட்டிஸ் போன்ற வேறொரு மேலாளரின் கீழ் ஓடுவது என்றால் இந்த ஏற்பாட்டால் பெரிய பயன் இல்லை. இரண்டு வாசல்கள் வந்து, அவற்றின் நம்பகத்தன்மையும் வெவ்வேறாக இருந்தால், அன்றே பெயர் வைத்துவிடுவது நல்லது.

திருச்சித் தம்பி கேட்ட அடுத்த கேள்வி, மடிக்கணினியில் இதை எப்படிச் சோதிப்பது என்பது. சிஸ்டம்டியோடு வரும் சிஸ்டம்டி-சாக்கெட்-ஆக்டிவேட் என்ற சிறு கருவி அதற்கென்றே இருக்கிறது: எந்த முகவரிகளில் காத்திருக்க வேண்டும், அவற்றின் பெயர்கள் என்ன, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று ஒரே வரியில் சொன்னால், யூனிட் கோப்பு எதுவும் எழுதாமலேயே அது சாக்கெட்டுகளைத் திறந்து, முதல் இணைப்பு வந்ததும் நமது நிரலை அவற்றோடு தொடங்கிவைக்கும். எங்கள் தானியங்கிச் சோதனைகளில் ஒவ்வோர் ஓட்டத்திலும் மூன்று பெயர்களையும் வெவ்வேறு வரிசையில் கலைத்துத் தருகிறோம். நான்காவதாக ஒரு புதுப் பெயரைக் கொடுத்து, சேவை மறுத்து வெளியேறுகிறதா என்றும் பார்க்கிறோம். இப்போது அந்தச் சோதனைகளைப் பராமரிப்பவர் அவர்தான். அடைக்கலத்திலிருந்து திரும்பி வரும் டிஸ்க்ரிப்டர்களையும் அதே கலைப்பில் சேர்க்க இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.